கேளுங்கள், சொல்கிறேன்: போரிலிருந்து வந்த பிள்ளைகள்

போர்முனைக்குப் போய் வந்த இளைஞர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதலாம் என்று போன இதழில் ஒரு சின்ன அறிவிப்பு போட்டிருந்தோம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் எல்லாருடைய பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கேள்வியின் தொனியை மட்டும் மாற்றவில்லை.

கேள்வி: எனக்கு வயது 24. பத்தொன்பதில் பட்டாளத்தில் சேர்ந்தேன், காலாட்படை, கடைசி ஒன்றரை வருடம் முன்வரிசையில் இருந்தேன். வந்து ஏழு மாதம் ஆகிறது. அங்கே ஷெல் விழுந்துகொண்டிருக்கும்போதே பதுங்குகுழியில் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன், இங்கே மெத்தையில் படுத்தால் தூக்கம் வருவதில்லை. ஹோட்டலுக்குப் போனால் வாசல் தெரிகிற மாதிரி, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற இடம்தான் வேண்டும். சாலையோரம் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தால் கால் தானாக விலகிப் போகிறது. போன மாதம் அண்ணன் பின்னாலிருந்து தோளைத் தொட்டான், திரும்பிய வேகத்தில் அவன் கழுத்தைப் பிடித்துவிட்டேன். அவன் சிரித்து மழுப்பிவிட்டான், ஆனால் அவனுடைய ஆறு வயது மகள் பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றிலிருந்து அவள் என் பக்கமே வருவதில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா?

பதில்: இல்லை தம்பி. முதலில் அந்தத் தூக்கத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் பாதி விடை அங்கேயே இருக்கிறது. ஷெல் சத்தத்தில் எப்படித் தூங்கினீர்கள்? வெளியே உங்கள் ஆள் ஒருவர் சென்ட்ரி நின்றார். அவர் விழித்திருப்பார் என்று உங்கள் உடம்புக்குத் தெரியும், அதனால் அது கண்ணை மூடியது. வீட்டில் சென்ட்ரி யாரும் இல்லை, எல்லாரும் தூங்கிவிடுகிறார்கள், அப்புறம் காவல் யார் பொறுப்பு? உங்கள் பொறுப்பு. ராத்திரி முழுக்க நீங்கள் சென்ட்ரி நிற்கிறீர்கள், படுத்தபடி.

பிளாஸ்டிக் பையும் அப்படித்தான். கண்ணிவெடி புதைத்த சாலையில் நடந்தவனுக்கு அந்தப் பை குப்பை என்று யோசித்துப் பார்க்க நேரம் கிடையாது, யோசிக்கும் முன்பே கால் விலகினால்தான் கால் இருக்கும். மூளையில் அமிக்டலா என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது, ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. நிதானமாக எடைபோடும் முன்மூளைக்குச் செய்தி போய்ச் சேரும் முன்பே அது உடம்பைக் கிளப்பிவிடும். அந்த முன்மூளை முழுதாக முதிர்வதே இருபத்தைந்து வயதை ஒட்டித்தான். அதாவது உங்கள் மூளை வளர்ந்துகொண்டிருந்த வருடங்களில் அது கற்ற பாடம் போர். நன்றாகவே கற்றிருக்கிறது, அதனால்தான் எனக்குக் கடிதம் எழுத நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். ஆனால் ஊர் மாறிவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, வாயால் சொன்னால் அது கேட்கவும் கேட்காது.

போரிலிருந்து வந்த பலருக்கும் முதல் சில வாரங்கள் இப்படித்தான் இருக்கும், பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். கெட்ட கனவு, திடுக்கிடல், சில இடங்களையும் பேச்சுகளையும் தவிர்ப்பது, எதிலும் ஒட்டாமல் இருப்பது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேலும் தொடர்ந்து, அன்றாட வாழ்க்கையையும் கெடுத்தால்தான் மருத்துவர்கள் அதற்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் என்று பெயர் வைப்பார்கள். உங்களுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. அதனால் காத்திருக்க வேண்டாம், போய்க் காட்டுங்கள்.

காட்டப் போகும்போது ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: எத்தனை வெடிப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள், எப்போதாவது நினைவு தப்பியதா, காதில் இரைச்சல் இருக்கிறதா. வெடிப்பின் அழுத்தம் வெளியே ஒரு கீறல்கூட விழாமல் மூளையைக் குலுக்கிவிடும். அதில் வரும் தலைவலி, எரிச்சல், மறதி, தூக்கமின்மை எல்லாம் மனக்காயத்தின் அறிகுறிகளைப் போலவே இருக்கும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. ஒன்றை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால் மற்றது அப்படியே கிடக்கும். காது கேட்கும் திறனையும் சோதித்துவிடுங்கள். பாதி பேச்சு காதில் விழாததால் எரிந்து விழுகிறவர்களும் இதில் இருக்கிறார்கள், வீட்டில் அதைத் திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சிகிச்சை என்றதும் சோபாவில் படுக்கவைத்து அம்மாவைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைக்க வேண்டாம். இதற்கென்றே ஆராய்ந்து உருவாக்கிய முறைகள் இருக்கின்றன. ஒன்று, நடந்ததை ஒரு தேர்ந்த சிகிச்சையாளர் முன்னால் திரும்பத் திரும்ப, நிகழ்காலத்தில் நடப்பதுபோல் சொல்வது. தவிர்த்து வந்த இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் நிற்பதும் இதில் சேர்த்தி. அமெரிக்க உளவியலாளர் எட்னா ஃபோவா இதை வளர்த்தெடுத்தார், பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகள் ஆகும். இன்னொன்று, நடந்ததிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட முடிவுகளை, 'எங்கேயும் பாதுகாப்பு இல்லை', 'நான்தான் கவனிக்காமல் விட்டேன்' மாதிரியானவற்றை, எழுதி வைத்து ஒவ்வொன்றாகச் சோதிப்பது. அது சுமார் 12 அமர்வு. இரண்டிலுமே முதல் சில வாரம் கஷ்டமாக இருக்கும், கனவு கூடவும் செய்யலாம், அங்கேதான் நிறையப் பேர் விட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். தெரிந்துகொண்டு போனால் தாக்குப்பிடிக்கலாம்.

அப்புறம் அண்ணன் மகள். அவளிடம் நீங்களே பேசுங்கள், மற்றவர்கள் விளக்கம் சொல்லி அனுப்ப வேண்டாம். 'சித்தப்பா பயந்துட்டேன், பயத்தில் கையை நீட்டிட்டேன், உன் மேல கோபம் இல்லை, இனிமே முன்னாடி வந்து கூப்பிடு' என்றால் ஆறு வயதுக்குப் புரியும். பெரியவர்களும் பயப்படுவார்கள் என்பது குழந்தைகளுக்குப் பெரிய செய்தி. வீட்டில் எல்லாருக்கும் அதே விதிதான்: பின்னாலிருந்து தொடக் கூடாது, தூங்கும்போது உலுக்கி எழுப்பக் கூடாது, கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

கேள்வி: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே நோய்தான். என் தகப்பனாரும் யுத்தத்துக்குப் போய் வந்தவர். ஒரு நாள் அதைப் பற்றி முனகியதில்லை. வீட்டில் யாரும் கதவைச் சத்தமாகச் சாத்தக் கூடாது, அது ஒன்றுதான் அவர் போட்ட சட்டம். கட்டுப்பாடு இருந்தால் போதாதா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தின் நான்காவது வரியை நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள். கதவு விஷயத்தில் அவர் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார், யாராவது மறந்து சாத்திவிட்டால் வீட்டில் என்ன நடந்தது என்பதை எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் பேசலாம்.

இது புது நோயும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போன வீரர்களிடம் நெஞ்சுப் படபடப்பையும் மூச்சிரைப்பையும் கண்டு, 1871ல் டா கோஸ்டா என்ற மருத்துவர் அதை இதயக் கோளாறு என்று எழுதினார். 1915ல் சார்ல்ஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்ற பெயரை மருத்துவ இதழில் அச்சேற்றினார், பிறகு அந்தப் பெயர் பொருந்தவில்லை என்று அவரே சங்கடப்பட்டார், ஏனென்றால் ஷெல் பக்கத்தில் விழாதவர்களும் அப்படியே நடுங்கினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இன்றைய பெயரோடு ஏறியது 1980ல், அதுவும் வியட்நாம் போரிலிருந்து வந்த அமெரிக்க வீரர்கள் வருடக்கணக்கில் போராடிய பிறகு.

நீங்கள் சொல்லும் கட்டுப்பாட்டையும் போதுமான அளவு சோதித்துப் பார்த்துவிட்டார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், காமன்வெல்த் படையினர் 306 பேரைக் கோழைத்தனம், ஓடிப்போனது போன்ற குற்றங்களுக்காகச் சொந்தப் படையே சுட்டுக் கொன்றது. அவர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது 2006ல். 1943 ஆகஸ்டில் சிசிலியில் அமெரிக்க ஜெனரல் பாட்டன் வெவ்வேறு நாளில் இரண்டு ராணுவ மருத்துவமனைகளுக்குள் போய், உடம்பில் காயம் இல்லாமல் படுத்திருந்த இரண்டு வீரர்களைக் கோழை என்று திட்டி அறைந்தார். அவர்களில் ஒருவருக்கு மலேரியா இருந்தது பின்னால்தான் தெரிந்தது. மேலதிகாரி ஐசன்ஹோவர் பாட்டனை மன்னிப்புக் கேட்க வைத்தார். அறைந்ததால் யாராவது குணமானதாக எந்தப் பதிவிலும் நான் பார்த்ததில்லை.

நம் பழைய பாட்டுகளிலும் ஒரு சேர மன்னர் வருகிறார், வெண்ணிப் போரில் கரிகாலன் விட்ட வேல் மார்பைத் துளைத்து முதுகிலும் புண்ணாக்கிவிட, அந்த வெட்கத்தில் வடக்கிருந்து உயிரை விட்டவர். அதைப் பெருமையாகவே படித்து வளர்ந்திருக்கிறோம். போர் முடிந்து, காயத்தோடு, வெட்கத்தால் செத்துப்போன ஒரு மனிதர் என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. போய் வந்ததிலிருந்து அறையை விட்டு வருவதில்லை. ராத்திரி குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்கிறான். நாங்கள் எதுவும் கேட்பதில்லை, நடந்ததை மறந்துவிடு கண்ணா என்று மட்டும்தான் சொல்கிறோம். சரிதானே?

பதில்: அம்மா, உங்கள் பாசம் புரிகிறது, ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்று ஒரு மருத்துவர், முதல் உலகப் போரின்போது எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தவர். தன்னிடம் வந்தவர்களில் பலர் 'நினைக்காதே, மறந்துவிடு' என்ற அறிவுரையைக் கேட்டுக் கேட்டுத்தான் மோசமானார்கள் என்பதை அவர் 1917லேயே சொல்லிவிட்டார். பகலெல்லாம் அமுக்கி வைத்தது ராத்திரி கனவில் வரும். அவர் அவர்களைப் பேச வைத்தார், பேசிய பிறகு அந்த நினைவு வலித்தது, ஆனால் துரத்தவில்லை. (அதே சமயத்தில் சாதாரணச் சிப்பாய்கள் சிலருக்குக் கிடைத்தது மின்சார அதிர்ச்சி வைத்தியம். அதிகாரிக்கு ஒரு வைத்தியம், சிப்பாய்க்கு ஒரு வைத்தியம்.)

அதற்காக நீங்கள் உட்கார்ந்து கதை கேட்கவும் வேண்டாம். பல பிள்ளைகள் அம்மாவிடம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் இனிமேல் அந்த முகத்தோடுதான் அம்மா தன்னைப் பார்ப்பாள் என்ற பயம். 'மறந்துவிடு' என்பது அவன் காதில் 'எங்களிடம் சொல்லாதே' என்றுதான் விழும். 'சொல்லணும்னு தோணினா சொல்லு, சொல்லலைன்னாலும் பரவாயில்லை, நான் இங்கேதான் இருக்கேன்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அவன் கையில் ஒரு வேலையைக் கொடுத்துக் கூட இருங்கள். முகம் பார்த்து எதிரெதிரே உட்காரும்போது வராத பேச்சு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மின்விசிறியைப் பிரித்து மாட்டும்போது வரும்.

குடி பற்றி. மது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் கனவு வரும் தூக்கத்தைக் குலைத்துவிடும், பின்னிரவில் கனவு இன்னும் வேகமாகத் திரும்பும், அதை அடக்க இன்னும் கொஞ்சம் குடிக்க வேண்டியிருக்கும். அவன் தினமும் நிறையக் குடிக்கிறான் என்றால் பாட்டிலை ஒளித்து வைத்து ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். குடியை முழுதாக விட்ட பிறகுதான் மனநல சிகிச்சை என்று யாராவது திருப்பி அனுப்பினால் வேறு இடம் பாருங்கள், இரண்டையும் சேர்த்தே பார்க்க முடியும்.

கேள்வி: எனக்கு வயது 26. நான் சோதனைச்சாவடியில் இருந்தேன். வேகமாக வந்த ஒரு கார் கைகாட்டியும் நிற்கவில்லை. சுட உத்தரவு வந்தது, சுட்டேன். உள்ளே இருந்தது ஒரு குடும்பம். விசாரணையில் விதிப்படிதான் நடந்தது என்று எழுதி முடித்துவிட்டார்கள். எல்லாரும் உன் தப்பு இல்லை என்கிறார்கள். எனக்குப் பயம் கிடையாது, கனவுகூட அதிகம் வருவதில்லை. என்னை நானே கண்ணாடியில் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பதில்: நானும் 'உங்கள் தப்பு இல்லை' என்று எழுதினால் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள், திருப்பவும் வேண்டும். அது உங்களை ஆறுதல்படுத்தும் பேச்சு மாதிரி இருக்கும், பாதி நேரம் பேசுகிறவர் அந்தப் பேச்சிலிருந்து தப்பிக்கச் சொல்வது.

உங்களுடையது பயத்தின் காயம் இல்லை. பாஸ்டனில் வியட்நாம் வீரர்களுக்குப் பல வருடம் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் இதைத் தனியாகப் பிரித்துப் பேசினார், அறத்தில் பட்ட காயம் என்று. சரி என்று நாம் நம்பியதை, அதிகாரத்தில் இருப்பவர் பெரும் ஆபத்து வேளையில் மீறும்போது வரும் காயத்தை அவர் முக்கியமாகச் சொன்னார். பின்னால் வந்தவர்கள், தன் கையாலேயே மீற நேர்ந்தவர்களையும் அதில் சேர்த்தார்கள். திடுக்கிடலுக்கான சிகிச்சை மட்டும் இதற்குப் போதாது. உங்கள் மனசாட்சி வேலை செய்கிறது. அதை நோய் என்று சொல்லி மழுங்கடிக்க எனக்கு விருப்பமில்லை.

செய்யக் கூடியது என்ன? உங்கள் பங்கு எவ்வளவு என்பதைச் சரியாக அளப்பது. இப்போது மொத்தத்தையும் நீங்களே தலையில் வைத்திருக்கிறீர்கள். எச்சரிக்கைப் பலகை எத்தனை மீட்டர் முன்னால் இருந்தது, ஓட்டியவருக்குப் புரியும் மொழியில் இருந்ததா, ராத்திரி வெளிச்சம் இருந்ததா, அந்தச் சாவடியை அங்கே போட்டது யார், முந்தின வாரம் அதே மாதிரி வந்த வண்டியில் என்ன இருந்தது, உங்களுக்கு எத்தனை நொடி கிடைத்தது. இதையெல்லாம் ஒரு சிகிச்சையாளரோடு உட்கார்ந்து எழுதும்போது மற்றவர்கள் பங்கும் தெரியவரும், உங்கள் பங்கு பூஜ்யமாகாது, ஆனால் அதற்கு ஒரு அளவு வரும். அளவு தெரிந்த கடனுக்குத்தான் ஏதாவது செய்ய முடியும். சிலர் இறந்துபோனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்கள், சிலர் கண்ணிவெடி அகற்றும் வேலைக்கே திரும்பிப் போயிருக்கிறார்கள், சிலருக்கு மத குருவிடம் பேசுவது உதவுகிறது. தண்டனையாகத் தன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்வதால் அந்தக் குடும்பத்துக்கு எதுவும் போய்ச் சேராது. உங்களுக்கு 26 வயது என்று எழுதியிருக்கிறீர்கள், செய்வதற்கு நிறைய வருடம் இருக்கிறது.

கேள்வி: சொன்னால் அசிங்கம். எனக்கு அங்கே திரும்பிப் போக வேண்டும் போல் இருக்கிறது. இருபத்தொரு வயதில் செக்‌ஷன் என்கிற பத்துப் பேர் சிறு படைப்பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன், இப்போது கல்லூரியில் படிக்கிறேன். போரை வெறுக்கிறேன், ஆனால் அந்த நாட்கள் போல் எதுவும் இல்லை. நான் என்ன மிருகமா?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டவர் நீங்கள் மட்டும் இல்லை, வெளியே சொன்னவர்தான் குறைவு. நீங்கள் ஏங்குவது சாவுக்கு இல்லை. உங்கள் செக்‌ஷனில் இருந்த ஒன்பது பேரும் உங்களுக்காக உயிரைக் கொடுப்பார்கள் என்று தெரிந்த இடம் அது. காலையில் எழுந்தால் என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதில் குழப்பமே கிடையாது. இருபத்தொரு வயதில் பத்து பேர் உயிருக்குப் பொறுப்பாக இருந்துவிட்டு வந்து, உங்களைவிட நான்கு வயது சின்னவர்களோடு வகுப்பில் உட்கார்ந்து வருகைப்பதிவுக்குக் கை தூக்கினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? உங்களோடு படித்தவர்கள் வேலையில் சேர்ந்துவிட்டார்கள், உங்கள் கையில் இருக்கும் திறமைக்குச் சான்றிதழ் இல்லை.

திரும்பி வரும் வேகமும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போர் வீரர்கள் பலர் கப்பலில் வாரக்கணக்கில் சேர்ந்தே ஊர் வந்தார்கள், வழியெல்லாம் பேசித் தீர்த்தார்கள். வியட்நாமுக்கு ஆளாளுக்குத் தனித்தனியாக ஒரு வருடக் கணக்கில் அனுப்பி, தனித்தனியாக விமானத்தில் ஏற்றினார்கள், ஓரிரு நாளில் காட்டிலிருந்து வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். இந்த வேகத்தைக் குறைக்கத்தான் பிறகு ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் படையினரை நேரே வீட்டுக்கு அனுப்பாமல் சைப்ரஸில் ஒன்றிரண்டு நாள் கடற்கரையில் இறக்கிவிட்டார்கள். போதுமா என்றால் போதாது, ஆனால் யோசனை சரி.

1970 வாக்கில் நியூயார்க்கில் வியட்நாம் வீரர்கள் தாங்களாகவே வட்டமாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள், மருத்துவமனையை நம்பாமல். லிஃப்டன், ஷாட்டன் என்ற இரண்டு மனநல மருத்துவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார்கள். நீங்களும் உங்கள் ஆட்களில் இருவரையாவது தேடிப் பிடியுங்கள். பழங்கதையோடு நிறுத்தாமல் சேர்ந்து ஏதாவது செய்யுங்கள், வெள்ளம் வந்தால் படகு எடுக்கிற வேலை, ஆம்புலன்ஸ், தீயணைப்பு மாதிரி. மோட்டார் சைக்கிளை உச்ச வேகத்தில் விரட்டித்தான் அந்த உணர்வைத் திரும்பக் கொண்டுவர முடிகிறது என்றால் அது எச்சரிக்கை மணி, மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: போரில் இருந்து வந்த பக்கத்து வீட்டுப் பையனிடம் என்ன பேசுவது?

பதில்: எத்தனை பேரைக் கொன்றாய் என்று கேட்காதீர்கள், விளையாட்டாகக்கூட. மற்றபடி எல்லாரிடமும் பேசுவதைப் பேசுங்கள். பட்டாசு வெடிக்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள், அவருக்குத் தெரிந்து வரும் சத்தம் வேறு, தெரியாமல் வரும் சத்தம் வேறு.

கேள்வி: கூட இருந்த நண்பன் 'நான் இல்லாமல் போனால் யாருக்கு என்ன நஷ்டம்' என்று அடிக்கடி சொல்கிறான். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் நானே எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகுமா?

பதில்: ஆகாது. நேரடியாகக் கேளுங்கள், 'செத்துப்போகணும்னு நினைக்கிறியா, எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா' என்றே கேளுங்கள். கேட்டதால் எண்ணம் வருவதில்லை, பெரும்பாலும் கேட்டதும் ஒரு பாரம் இறங்குகிறது. வழியும் யோசித்து வைத்திருக்கிறான் என்றால் அவனைத் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், அல்லது உங்கள் பகுதி அவசர உதவி எண்ணை அழையுங்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அவன் சம்மதத்தோடு கொஞ்ச நாள் வேறு இடத்தில் வைத்துவிடுங்கள், மாத்திரைகளையும். அந்த உந்துதல் பலருக்குச் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிந்துவிடும், அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருந்தாலே உயிர் மிஞ்ச வாய்ப்பு அதிகம். உங்களுக்கும் யாராவது துணை வேண்டும், இதை ஒருத்தராகச் சுமக்காதீர்கள்.

கேள்வி: மாத்திரை போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: செர்ட்ரலின், பராக்ஸிடின் போன்றவை உதவும், ஆனால் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், இரண்டாம் நாளே பலனில்லை என்று தூக்கிப் போடக் கூடாது, நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. பதற்றத்துக்கு உடனே கேட்கும் டயஸிபாம், அல்பிரஸோலம் வகையை இந்த நோய்க்கு நீண்ட நாள் சாப்பிடுவதை இப்போதைய வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை. பழக்கமாகிவிடும், மதுவோடு சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். பொதுவாகப் பேச்சுவழிச் சிகிச்சைக்குத்தான் முதலிடம், மாத்திரை அதற்குத் துணை. எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை உங்களை நேரில் பார்த்தவரிடம் கேளுங்கள், பத்திரிகையில் கேட்காதீர்கள்.